சொன்திச்சாவின் அட்டை

வீட்டில் மாலி என்று கூப்பிடும் சொன்திச்சாவுக்கு ஏழு வயது முடிந்து மழைக்காலமும் பாதி போய்விட்டது. முதல் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியபடியே இருந்தார்கள். அவள் அம்மா பிக்குன் தன் கணவனிடம் பேச்செடுக்கும் போதெல்லாம், ஆற்றில் வெள்ளம் வடியட்டும், வண்டி டயரை மாற்றட்டும் என்று புன்மா ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தான். அவன் மெகோங் ஆற்றில் படகு ஓட்டுபவன். அக்கரை லாவோஸுக்கும் இக்கரைக்கும் சாமான் ஏற்றி இறக்குவான். பிக்குன் நெடுஞ்சாலையோரம் கோழி சுட்டு விற்றாள்.

கடைசியில் ஒரு நாள் கடையை மூடிவிட்டு, மகளின் பள்ளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பிறப்புச் சான்றிதழையும் வீட்டுப் பதிவேட்டையும் பிளாஸ்டிக் உறையில் எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள். படத்தில் பல்லைக் காட்டலாமா கூடாதா என்று மாலி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். முன்பல் விழுந்திருந்தது.

மாவட்ட அலுவலகத்தில் இளம் பெண் அதிகாரி ஒருத்தி சான்றிதழிலிருந்த குடிமக்கள் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினாள்.

"அக்கா, சொன்திச்சாங்கிற இந்தப் பிள்ளைக்குக் கார்டு குடுத்தாச்சே. போன மாசம்தான் அப்பா கூட்டிட்டு வந்து எடுத்திருக்காரு."

பிக்குன் சிரித்துவிட்டாள். வேறு யாரோ சொன்திச்சாவாக இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றாள். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினாள். மாலியின் முழுப்பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் வேறு ஒரு சிறுமியுடையது. இரத்தமில்லாமல் வெளுத்த முகம். இரண்டு புருவமும் நடுவில் வந்து ஒட்டியிருந்தன. பத்து வருடமாகத் தலையணைக்குப் பக்கத்தில் பிக்குன் பார்த்துவரும் புருவம் அது.

மாலியின் கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள். பொருந்தவில்லை. இந்தச் சிறுமியைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்குப் பிக்குன் தெரியாது என்றாள். அது பொய்யும் இல்லை.

"அம்மா, எனக்குப் படம் எடுக்கலியா?" என்றாள் மாலி.

இன்றைக்கு மிஷின் சரியில்லை என்று சொல்லி அவளை வெளியே கூட்டி வந்தாள்.

புன்மா கரையில் படகைக் கவிழ்த்துப்போட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தான். பிக்குன் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய் அவன் எதிரில் நின்றாள். கத்தவில்லை.

"அவ பேரு என்ன?"

எவள் என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த தாரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நொய்" என்றான்.

அதற்கப்புறம் தானாகவே எல்லாவற்றையும் கொட்டினான். அவளுடைய அம்மா கேவ் அக்கரைக்காரி. இங்கே டவுனில் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் தேய்க்கிறாள். அவளுக்கும் காகிதம் இல்லை, வாடகை அறையில் பிறந்த பிள்ளைக்கும் இல்லை. நொய்க்குப் பிறவியிலேயே ரத்த நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். எண் இருந்தால் ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள்.

"என் பிள்ளைன்னு நீயே போய்ச் சொல்லியிருந்தா அதுக்குன்னு ஒரு கார்டு குடுத்திருப்பாங்கல்ல?"

"நான்தான் அப்பனான்னு ரத்தப் பரிசோதனை கேப்பாங்க. ஊர்த் தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். நான் வீடு வர்றதுக்குள்ள உன் காதுக்கு வந்துடும்."

"அதுக்கு என் பிள்ளை பேரைத் தூக்கிக் குடுத்திட்ட."

"கார்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி மாலிக்கு இன்னொண்ணு வாங்கிடலாம்னு நெனச்சேன்."

"யாரு மூஞ்சிய வச்சு?"

அந்த அளவுக்கு அவன் யோசிக்கவே இல்லை என்பது பிக்குனுக்குப் புரிந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

புகார் கொடுத்தால் புருஷன் ஜெயிலுக்குப் போவான். கொடுக்காவிட்டால் தன் வயிற்றில் பிறந்த பிள்ளை ஊரில் இல்லாத பிள்ளை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று ஒரு காலையில் எழுந்து போய்ப் புகாரை எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அந்த எண்ணையே முடக்கிவைப்பதாகச் சொன்னார்கள். அன்று மாலை புன்மா படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். அப்புறம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் கேவ் கோழிக்கடைக்கு வந்தாள். பிக்குன் மனதில் வரைந்து வைத்திருந்த பெண் வேறு. இவள் தண்ணீரில் ஊறிய கைகளும் நைந்த செருப்புமாக நின்றாள். நொய் அவள் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கார்டு புதுசா எழுதி வாங்குனதாத்தான் எங்கிட்ட சொன்னாரு அக்கா."

"அம்மா பேருன்னு என் பேரு இருந்திச்சே. பாக்கலியா நீ?"

"இந்த நாட்டுக்காரி பேரு போட்டாத்தான் குடுப்பாங்கன்னாரு. சும்மா ஒரு பேருன்னு நெனச்சேன். அந்தப் பேர்ல ஒரு ஆள் இருப்பீங்கன்னு நெனக்கல."

ஆஸ்பத்திரியில் இந்த மாதம் எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்றாள் கேவ். கார்டு வேண்டாம், பெயரும் வேண்டாம், பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும்வரை மட்டும் புகாரை நிறுத்திவையுங்கள் என்று கேட்டாள். அவர்கள் போகும்போது பிக்குன் ஒட்டரிசிச் சோறும் ஒரு கோழித் தொடையும் இலையில் கட்டி அந்தச் சிறுமியின் கையில் கொடுத்தாள். ஏன் கொடுத்தோம் என்று அன்றைக்கு முழுக்கத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புகாரை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். அதே பெண் அதிகாரி பாவமாகப் பார்த்தாள். "அக்கா, இது இப்ப உங்க புகார் இல்ல. அரசாங்கத்தோடது" என்றாள்.

மாத முடிவில் போலீஸ் நூடுல்ஸ் கடைக்குப் போனது. கேவிடம் அனுமதிச் சீட்டு இல்லாததால் தாயையும் மகளையும் சேர்த்து அக்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர்தான் இதைச் சொன்னார். அப்பன் இந்த நாட்டுக்காரன் என்று நிரூபிக்க ஆளே இல்லையாம் என்றார். பிக்குன் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு பக்கம் கருகிப்போனது.

குளிர்காலம் போய், சித்திரைப் புத்தாண்டில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவதும் முடிந்தது. பிக்குனையும் மாலியையும் மாகாண ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து மரபணுச் சோதனைக்கு வாயிலிருந்து எச்சில் எடுத்தார்கள். தாயும் மகளும்தான் என்று முடிவு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓடினால், அந்தப் பெண் அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தாள். புதிதாக வந்தவர் கோப்பை முதலிலிருந்து படித்தார்.

"இந்தப் பிள்ளை உங்க மகள்தான், சரி. ஆனா பழைய கார்டை ரத்து பண்ணணும்னா அந்தப் பிள்ளை நேர்ல வந்து விரல் வைக்கணும். பொய் சொன்ன அப்பாவும் வாக்குமூலம் குடுக்கணும்."

"அந்தப் பிள்ளைய நீங்கதானே சார் ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிச்சீங்க?"

அது வேறு துறை என்றார் அவர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன், மழைக்காலம் கழித்து வந்து பாருங்கள் என்று கோப்பைக் கட்டிவைத்தார்.

வாசலில் கூடைக்காரி ஒருத்தி அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பிக்குன் ஒரு பொட்டலம் வாங்கினாள். வண்டி வரும்வரை இருவரும் உட்கார்ந்து தின்றார்கள். மாலிக்கு முன்பல் முளைத்து வெகுநாளாகிவிட்டது. இப்போதெல்லாம் அவள் படத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

"அம்மா, அவளுக்கு இப்ப ரத்தம் யாரு ஏத்துவா?"

இவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "தெரியலடி" என்றாள் பிக்குன். வண்டி வந்தது. கூட்டமாக இருந்ததால் மாலியை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.