கேபின் செருப்பு

சுற்றுலாக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முந்தின நாளே பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி, கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ஆட்கள் எடுத்துப் போய், மறுநாள் நாம் தங்கப்போகும் ஹோட்டலுக்கு வேனில் கொண்டு சேர்ப்பார்கள். ராத்திரி வரை அவகாசம் இருந்தது. மேனேஜர் சாயங்காலமே வைத்துவிட்டார். குழாய்க் கம்பெனியில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர். எதையும் முதல் ஆளாக முடித்துவிட்டு, முடிக்காதவர்களை ஒரு பார்வை பார்ப்பது அவருக்கு வாய்த்த சுகம்.

விடிந்த பிறகுதான் தெரிந்தது, ஷூவும் சேர்ந்து போய்விட்டது என்று. பெட்டியில் இடம் போதாமல், துணிப்பையில் போட்டுக் கைப்பிடியில் கட்டியவரும் அவரேதான். கோட்டு இருந்தது, டை இருந்தது. காலுக்கு மட்டும், கேபினுக்குள் போட்டுக்கொள்ளக் கப்பல்காரர்கள் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பு. முகப்பில் தங்க நூலில் ஒரு நங்கூரம் வேறு.

"ஷூவை வெளியில எடுத்து வையுங்கன்னு நேத்தே சொன்னேன்," என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து ஊரே அவளை மேனேஜரம்மா என்று கூப்பிட்டதில், சொந்தப் பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகத்துக்கு வரும்.

"சொன்னே. அழுத்தமா சொல்லலை."

ஒரு விதத்தில் அவளுக்கு மிச்சம். இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் குனிய முடியாது. லேஸ் கட்டிவிடுவது அவள் வேலை.

கப்பல், கடல் எல்லாம் சாக்குதான். அவர்களுடைய ஒரே மகள் இந்த ஊரில் இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அன்றைக்கு மேனேஜர் சொன்னதை இரண்டு பேரும் வீம்பாகக் காப்பாற்றி வந்தார்கள். கட்டிக்கொண்டவன் காய்ச்சலில் போய்விட்டான். அப்போதும் அவள் திரும்பி வரவில்லை; ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். அம்மாவோடு மட்டும் திருட்டுத்தனமாகப் போனில் பேச்சு. மேனேஜரம்மா மாதக்கணக்கில் அவரைக் கரைத்தாள். சாப்பாட்டில் கரைத்தாள், அழுகையில் கரைத்தாள், கடைசியில் பேசாமலே இருந்து கரைத்தாள். "சரி, அந்த ஹோட்டல்லயே ஒரு நாள் தங்கிட்டுப் பார்த்துட்டுப் போவோம்" என்று அவர் வாயாலேயே வந்தது.

இருந்தது அந்த ஒரு நாள்தான். அதிலும் மகளை அன்றைக்கே வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய வேன் கிளம்புகிறது. "அதுக்குள்ள வந்துடும்மா. லாபியிலேயே நிக்கிறேன்," என்றிருந்தாள்.

மேனேஜருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மூன்று நாளாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். "பாப்பா, நல்லா இருக்கியா?" என்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன பாப்பா, எப்படி இருக்கே?" என்பார். குழாய்க்கு விலை சொல்லிப் பார்ப்பது போல ஒவ்வொரு சுருதியிலும் சொல்லிப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவளுக்குக் கண் நிறைந்தது.

கெடுத்தது சாப்பாட்டு மேஜை. பயணம் முழுக்க அவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மகன் பெரிய கம்பெனியில் இருக்கிறானாம்; துறைமுகத்துக்குக் காரும் டிரைவரும் அனுப்புவானாம். மேனேஜர் சும்மா இருப்பாரா? "என் பொண்ணு ஹோட்டல் லைன்ல இருக்கா. முழுப் பொறுப்பும் அவகிட்டதான்," என்றார். எந்த ஹோட்டல் என்று ஜட்ஜ் கேட்க, சூப்பின் சூட்டில் இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "அட, நாங்களும் அங்கதான் தங்கறோம்," என்றார் ஜட்ஜ். அதற்குப் பிறகு மேனேஜருக்கு சூப் இறங்கவில்லை.

"பஸ் வேண்டாம். ரயில்ல போனாத்தான் ஒரு ஊரைப் பார்க்க முடியும்," என்று காலையில் அறிவித்தார். மேனேஜரம்மாவுக்குப் புரிந்தது. கப்பல் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நங்கூரச் செருப்பை நாற்பது பேர் பார்ப்பார்கள். அதைவிட, ஜட்ஜ் முதலில் போய்ச் சாவி வாங்கி மாடிக்கு ஏறிவிட வேண்டும். லாபி காலியாக இருக்கும்போது தகப்பன் மகளைப் பார்ப்பார். போகட்டும், எப்படியாவது பார்த்தால் சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்குக் கண்ணாடி போட்ட நீளப் பாலத்தில் நடக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து இறங்கினால் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர். செருப்பு ஊறி, நடக்கும்போதெல்லாம் சளக் சளக்கென்றது. டிக்கெட் ஜன்னலில் மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு, "சிட்டிக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் ரெண்டு," என்றார்.

உள்ளே இருந்தவர் நிமிரவில்லை. "அப்படி எதுவும் கிடையாது சார். எல்லாரும் ஒரே பெட்டிதான்."

முதல் ரயில் வந்தது. கதவு திறந்தது. மேனேஜர் அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"ஏங்க, ஏறாம எதுக்கு நின்னோம்?"

"கூட்டம்."

"நாலே பேர் இருந்தாங்க."

"அந்த நாலு பேரும் ஒரு மாதிரி இருந்தாங்க."

அடுத்ததையும் அவர் விட்டுவிட்டார். அது நின்ற இடம் சரியில்லையாம். மேனேஜரம்மா பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இதோ பாருங்க. இனிமே வர்றது சரக்கு வண்டியா இருந்தாலும் நான் ஏறிடுவேன். நீங்க வந்தா வாங்க." நாற்பது வருஷத்தில் கேட்காத குரல் அது. மூன்றாவது ரயிலில் அவளுக்குப் பின்னால் அவரும் ஏறினார்.

உள்ளே, அடுத்த கதவு வழியாக முந்தி ஏறி, மடியில் ஒன்றும் காலிடுக்கில் ஒன்றுமாகப் பைகளை வைத்துக்கொண்டு, ஜட்ஜும் ஜட்ஜம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் சுதாரித்தவர் ஜட்ஜ்தான். "கார் வந்துச்சு சார். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். ரயில்ல போனாத்தான் ஒரு ஊரைப் பார்க்க முடியும்."

"நான் எப்பவும் சொல்றதாச்சே அது," என்றார் மேனேஜர்.

இருவரும் ஜன்னல் வழியே ஊரைப் பார்த்தார்கள். வீடுகளின் பின்பக்கம் தெரிந்தது: ஈரத்துணி, உடைந்த தொட்டி, பழைய டயர் குவியல். "பிரமாதம்," என்றார் ஜட்ஜ். அப்படியே கண்ணைக் கீழே இறக்கியவர், "என்ன சார், நீங்க இன்னும் கப்பலை விட்டு இறங்கலையா?" என்றார்.

"டாக்டர் சொல்லியிருக்கார். இந்த வயசுல காலுக்குக் காத்துப் படணுமாம்."

பெண்கள் இருவரும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜம்மா குரலைத் தாழ்த்தி, "காரும் வரலை, ஒண்ணும் வரலை," என்றாள். "பையன் போனையே எடுக்க மாட்டேங்கறான். துறைமுகத்துல நின்னு நின்னு இவருக்குக் கால் வீங்கிப்போச்சு."

மேனேஜரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இவரு ஜட்ஜும் இல்லக்கா. ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து எழுதற கிளார்க்கு. நல்ல மனுஷன். கப்பல்ல ஏறினதும் இப்படி ஆயிட்டாரு."

"எல்லாருக்கும் அப்படித்தான் போல," என்றாள் மேனேஜரம்மா. கொஞ்சம் சிரித்தாள். சிரித்த வாயோடு சொன்னாள்: "எம் பொண்ணு அந்த ஹோட்டல்ல ரூம் கூட்டறா. எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் பார்க்கப்போறேன். ரெண்டு மணிக்கு அவளுக்கு வண்டி."

ஜட்ஜம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "அய்யோ," என்றாள் மெதுவாக.

ஹோட்டல் லாபிக்குள் நுழையும்போது இரண்டு அடிக்கக் கால் மணி நேரம்கூட இல்லை. மகள் தூணோரமாக நின்றிருந்தாள். சாம்பல் நிறச் சீருடை, இறுக்கிக் கட்டிய தலைமுடி, முன்னைக்குப் பாதியாக உடம்பு. அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்பாவின் காலைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போனாள். வரும்போது கையில் அவருடைய ஷூ. வேனில் வந்த பெட்டியை அடையாளம் கண்டு, காத்திருந்த நேரத்தில் பாலிஷ் போட்டு வைத்திருந்தாள் போலும். முகம் தெரிகிற மாதிரி மின்னியது.

மேனேஜர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜட்ஜ். மகள் மண்டி போட்டு, ஈரச் செருப்பைக் கழற்றி, இரண்டு காலிலும் ஷூவை மாட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

ஜட்ஜம்மா புருஷனின் முழங்கையை இழுத்தாள். "வாங்க, நாம போய்ச் சாவி வாங்கலாம்."

"இரு, எல்லாரும் சேர்ந்து போவோம்," என்று ஜட்ஜ் ஆற அமரச் சாய்ந்துகொண்டார்.

மேனேஜரின் உதடு அசைந்தது. கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த அந்த முதல் எழுத்துக்கு உதடு சேர்ந்ததைக்கூட மேனேஜரம்மா பார்த்தாள்.

"பா..." என்றார் மேனேஜர். ஜட்ஜின் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா சார், இந்த ஹோட்டல் சர்வீஸே தனி." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மண்டியிட்டிருந்தவளின் கையில் வைத்தார்.

மகள் அதைப் பார்த்தாள். "தேங்க்யூ சார்," என்றாள். ஈரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஊழியர்கள் போகும் கதவுப் பக்கம் நடந்தாள்.

மேனேஜரம்மா அவர் அருகே வந்தாள். கைப்பையை அவர் மடியில் வைத்தாள். மகளுக்குப் பின்னாலேயே அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே குறுகலான நடை. அடுக்கிய துண்டுகள், வாளிகள், வெளுப்புப் பொடி வாசனை. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். மேனேஜரம்மா அவள் உள்ளங்கையைப் பிரித்தாள். தோல் உரிந்து சொரசொரவென்று இருந்தது. நடுவில் கசங்கிய நோட்டு. அதை எடுத்துத் துண்டுகளின் மேல் போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் இருக்கு பாப்பா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்மா." மகள் மூக்கை உறிஞ்சினாள். கதவில் பதித்திருந்த வட்டக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "லேஸ் கட்டாம விட்டுட்டேன். போய்க் கட்டிவிட்டுட்டு வா. தடுக்கி விழப்போறாரு."

"விழட்டும்."

சொன்னாளே தவிர, அவளும் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கால்களை நீட்டிக்கொண்டு, இடமும் வலமும் திரும்பி யாரையோ தேடினார். பிறகு எழுந்தார். ஹோட்டல் நிர்வாகம் எத்தனை பெரிய பொறுப்பு என்பது போல ஜட்ஜிடம் எதையோ விளக்கியபடி, பெண்டாட்டியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான்கு லேஸ் நுனிகளும் தரையில் இழுபட, லிஃப்ட்டை நோக்கி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடந்தார்.