திரும்ப அனுப்பு என்றார் அத்தான்

அக்காவின் வீட்டுக்காரரும் நானும் ஒரே பேருந்து கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் நிரந்தரம், நான் ஒப்பந்தம். புதிய முன்பதிவுத் தளம் ஒழுங்காக ஓடினால் என்னையும் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தளத்தை நான் பிஹெச்பி என்ற கணினி மொழியில் எழுதினேன். ஆனால் இருக்கையைக் கொடுப்பது என்னவோ அத்தான் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பழைய நிரல்தான்; ஆபீசில் அதை சர்வீஸ் என்போம். கவுன்ட்டர்கள் எல்லாம் அதையே நம்பியிருந்ததால் அதைத் தூக்கிப்போட யாருக்கும் தைரியமில்லை. ஒரு இருக்கை கேட்டால் எக்ஸ்எம்எல் வடிவத்தில் முழ நீளத்துக்குப் பதில் அனுப்பும். சில நேரம் பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். அப்போது என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

"திரும்ப அனுப்பு," என்றார் அத்தான், என் டீயையே எடுத்துக் குடித்துக்கொண்டு. "ஒரே கோரிக்கை எண்ணோட எத்தனை தடவை வந்தாலும் ஒண்ணாதான் எடுத்துக்கும். இன்னொரு சீட்டு போடாது."

"நிச்சயமாவா?"

"எழுதினவன் நான். என்னையே கேக்குறியே."

சோதித்துப் பார்க்க வழியில்லை. பழைய சர்வீஸுக்குச் சோதனைப் பிரதி கிடையாது. விளையாட்டுக்குக் கேட்டாலும் நிஜப் பேருந்தில் நிஜ இருக்கை போய்விடும். அதனால் அத்தான் சொன்னபடியே நடந்துகொள்ளும் ஒரு போலி சர்வீஸை எழுதி, அதோடு என் தளத்தை இணைத்து ஓட்டிப் பார்த்தேன். எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். போலி சொன்ன சொல் தவறவில்லை.

தளம் திறந்த அன்று காலையிலேயே கூட்டம் மொய்த்தது. பழைய சர்வீஸ் திணறியது. பதில் வராதபோதெல்லாம் என் நிரல் சமர்த்தாகத் திரும்ப அனுப்பியது. அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அது அதே ஆளுக்குப் புதிதாக ஒரு இருக்கையைத் தூக்கிக் கொடுத்தது. மதியத்துக்குள் எல்லா வண்டியும் நிறைந்துவிட்டதாகத் திரை சொன்னது. நிலையத்தில் வண்டிகள் பாதி காலியாகக் கிளம்பின. டிக்கெட் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அந்தக் காலி இருக்கைகள் தங்களைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

மேனேஜர் கூப்பிட்டார். அத்தானும் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் திரும்பத் திரும்ப அனுப்புச்சு?"

நான் அத்தானைப் பார்த்தேன். சத்தியமாக எனக்குப் பயமே இல்லை. சொல்லிவிடுவார் என்று இருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதில் வரலேன்னா நிறுத்திடணும் சார். திரும்ப அனுப்பவே கூடாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

வாய் கூசாமல் சொன்னார்.

"நீங்கதானே அத்தான் சொன்னீங்க?"

மேனேஜர் முன்னால் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அன்று மறந்துபோயிற்று. மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"குடும்பச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்."

நேராக அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கொதித்தெழுவாள், அத்தான் வந்ததும் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று நினைத்தேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"புதுசு நல்லா ஓடிட்டா, அடுத்து பழசையும் மாத்திடுவாங்க," என்றாள். "அப்புறம் அவருக்கு அங்க என்ன வேலை?"

"அதுக்காக என் கழுத்த அறுக்கலாமா?"

"உனக்கு வயசிருக்கு. எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவர இனிமே யாரு வேலைக்கு எடுப்பா?"

அதை அவள் சொன்ன நிதானம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

ஒரு சட்டையை உதறி, காலரை நேராக்கி, மடித்து வைத்தாள்.

"மனசு கேக்கல, உண்மைய உன்கிட்ட சொல்லிடறேன்னு அவர் கிளம்பத்தான் செஞ்சார். நான்தான் தடுத்துட்டேன்."

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். அத்தானையாவது என்றைக்காவது மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.