ஒல்லிப் புழுவின் குடும்பம்

ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை, நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துப் புழுக்களை இனம் பிரிப்பது.

ஆற்றில் புழுவாக வளர்ந்து பிறகு சிறகு முளைத்துப் பறக்கும் கேடிஸ் பூச்சிகளில், மிகச் சின்னப் பூச்சிகளின் குடும்பம் ஒன்று உண்டு. வளர்ந்த பூச்சியே அரிசியில் பாதிதான். அதன் புழு, வயிறு பருத்து, தானே நெய்த பட்டுப் பைக்குள் குடியிருக்கும். அதே கல்லில் ஒல்லியாக, கூடில்லாமல் இன்னொரு புழுவும் திரியும். அதை வேறு குடும்பத்தில் சேர்த்துப் பட்டியல் போட்டிருந்தார் இயக்குநர்.

அவளுக்கு ஒன்று உறுத்தியது. பட்டுப் பைக்குள் இருந்த புழுக்களில் ஒரு குட்டிகூட இல்லை.

"சார், இந்த ஒல்லிதான் அதோட குட்டின்னு தோணுது."

"தோணினா போதாதும்மா. காட்டு, ஒத்துக்கறேன்."

பாசி படிந்த கற்களோடு நாற்பது ஒல்லிப் புழுக்களைக் கண்ணாடித் தட்டுகளில் விட்டாள். வெயிலில் தண்ணீர் சூடாகி அத்தனையும் செத்தன. ஒரு நாள் முழுக்க முகம் தொங்கிப் போயிருந்தாள். மறுநாளே ஆற்றில் இறங்கி வேறு நாற்பது பிடித்து வந்தாள்.

இந்த முறை அவை பாசி இழையைக் குத்தி, உள்ளிருந்த பச்சையை உறிஞ்சிக் குடித்தன, தோலுரித்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒல்லிப் புழு ஒன்று தன்னைச் சுற்றிப் பட்டு இழுக்க ஆரம்பித்தது.

"சார், ஓடி வாங்க! பை கட்டுது!"

கையில் இருந்த டீயோடு வந்தவர் குனிந்தவர்தான், நிமிரவில்லை. டீ ஆறிப்போயிற்று. சில வாரங்களில் பூச்சி வெளிவந்ததும், இனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆண் பூச்சியின் வால்நுனியை, பைப் புழுவிலிருந்து வந்த பழைய மாதிரியோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசலாக அதே இனம்.

"பதினெட்டு வருஷம் தப்பா எழுதியிருக்கேன். நீயே போய் மாநாட்டுல சொல்லு," என்றார்.

சொன்னாள். நூறு பேர் இருந்த அரங்கில் ஒருவர் எழுந்து, "எங்க பிஎச்டி பண்ணீங்க?" என்று கேட்டார்.

"பண்ணலைங்க. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. துணைக்கு வந்த நாத்தனார் கடைசி வரிசையில் இருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண், "யாருங்க இவங்க?" என்று கேட்டதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து சொன்னாள்:

"எங்க அண்ணி."