பிளக்கைப் பிடுங்கினால் எட்டும்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற டிரில்லிங் மிஷின் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று இசைவாணிக்கு வியாழன் மாலையே தெரிந்துவிட்டது. மாமியார் மங்கலம் போனில் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், மறுமுனையில் கதிரவன் சொன்னது கூடத்துக்கே கேட்டது.

"நெல்லிக்குப்பம் அந்தோணிசாமி அண்ணன் ரொம்ப நாளா கேக்குறாரு. ஞாயித்துக்கெழமை வந்து தூக்கிக்கட்டும். அதுவரைக்கும் கொட்டாயப் பூட்டி வைங்க."

கதிரவனுக்குச் சிதம்பரத்தில் ஜன்னல் கதவு செய்யும் பட்டறையில் வேலை. வாரம் ஒரு நாள்தான் முதுநகர் வீட்டுக்கு வருவான். அவன் சும்மா விட்டுப்போன மிஷினை இசைவாணிதான் கையில் எடுத்திருந்தாள். 'தானே' புயலில் கூரை போன வீடுகளுக்கெல்லாம் தகரம் போட்டுக்கொண்டிருந்த நேரம். தகரத்தைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளுக்கு ஓட்டை போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில், இது என் வேலை என்று அவள் சொல்லிக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

மிஷினில் கை வைத்த முதல் நாளே மங்கலத்தோடு வழக்கு வந்தது. இசைவாணி வளையல்களைக் கழற்றினாள். பின்னலைக் கொண்டையாக்கித் துணியால் இறுக்கினாள். கை தாலிச்சரட்டுக்குப் போனதும் மாமியாரின் முகம் மாறியது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெறுங்கழுத்தோட நிக்கப் போறியா?"

"கழட்டல அத்தெ. குனிஞ்சா முன்னால தொங்குது. சுத்துற பிட்டுல மாட்டிச்சின்னா என்னையும் சேத்துல்ல இழுக்கும்."

சரட்டை ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குப் போட்டு, மேலே கதிரவனின் பழைய சட்டையை மாட்டிப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டாள். சட்டைக் கை முழங்கைக்கு மேல் வெட்டியிருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி. கையுறை போடச் சொன்னதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள். அதன் நூல் ஓட்டை போடும் பிட்டில் சிக்கினால் விரல் போய்விடும். பட்டையைக் கையால் பிடிக்காமல் வைஸ் இடுக்கியில் இறுக்கி வைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கைப்பிடியை மெல்ல இறக்குவாள். சுருண்டு வரும் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால்தான் தள்ளுவாள்.

இவ்வளவு பார்த்தவள் வியாழக்கிழமை தவறியது கரண்டு விஷயத்தில்.

ஓட்டை பாதி இறங்கியபோது கரண்டு போனது. அந்த வருஷம் அது எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நின்ற நேரத்தை வீணாக்குவானேன் என்று மழுங்கிய பிட்டை மாற்றினாள். பிட்டைப் பிடிக்கும் சக்கில் சாவியைச் செருகி இறுக்கிக்கொண்டிருக்கையில் உள்ளே குக்கர் கத்தியது. சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மிஷினின் சுவிட்ச் போட்டது போட்டபடியே இருந்ததை நினைக்கவில்லை.

கரண்டு வந்ததும் மிஷின் தானாகச் சுற்றியது. சாவி தெறித்துத் தகரச் சுவரில் மோதி, வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மங்கலத்தின் காது பக்கமாக இடி போலச் சத்தம் எழுந்தது. தகரத்தில் ஒரு முட்டை அளவு புடைப்பு. மங்கலம் அரிசியைக்கூட அள்ளவில்லை. பூட்டை எடுத்துவந்தாள்.

அன்றிரவு இசைவாணி சரியாகச் சாப்பிடவில்லை. சாவி பறந்ததை விட, அதை அங்கே விட்டது தன் கைதான் என்பது உறுத்தியது. இனிமேல் ஞாபகமாக இருப்பேன் என்று சொல்ல அவளுக்கே நம்பிக்கை இல்லை. குக்கர் நாளைக்கும் கத்தும். மறந்தாலும் தப்பு நடக்க முடியாதபடி ஏதாவது செய்தாக வேண்டும்.

காலையில் கடைத்தெருவுக்குப் போய் வலை கட்டும் நைலான் கயிறு வாங்கிவந்து மாமியார் முன் நின்றாள்.

"ஒரே ஒரு தரம் தெறங்க அத்தெ. பாத்துட்டு மறுபடியும் பூட்டிக்குங்க."

மங்கலம் முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள். இசைவாணி சக் சாவியை, மிஷின் ஒயரில் பிளக்கை ஒட்டினாற்போல் ஒரு சாண் கயிற்றில் கட்டினாள். பிளக் சுவரில் இருந்தால் சாவியும் சுவரோரமே தொங்கியது.

"இப்ப சாவியால பிட்ட மாத்துங்க பாப்போம்."

மங்கலம் இழுத்துப் பார்த்தாள். "எட்டலடி."

"பிளக்கப் புடுங்குனாதான் எட்டும். புடுங்கிட்டா, கரண்டு வந்தாலும் சுத்தாது. மறுபடி சொருகணும்னா சாவியும் கூடவே செவத்துக்கு வந்துரும். நான் மறந்தாலும் கயிறு விடாது."

மங்கலம் அதைத் தானே நாலு தரம் செய்து பார்த்தாள். பிறகு பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "அந்த அலமாரியில இந்த மிஷினுக்கு இன்னொரு சாவி கெடக்குமே," என்றபடி தேட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமி டெம்போவோடு வந்தார். கதிரவனும் காலை ரயிலில் வந்திருந்தான். அப்போது கரண்டு இல்லை. அந்தோணிசாமி மிஷின் சுவிட்சைத் தட்டிப் பார்த்து, போட்டபடியே விட்டுவிட்டு, சக்கைத் திருகிப் பார்க்கச் சாவியை இழுத்தார்; அது வரவில்லை.

"என்னா தம்பி இது, கன்னுக்குட்டிய கட்டுன மாதிரி கட்டி வச்சிருக்க?"

கதிரவன் கட்டிங் பிளேயரைத் தேடினான். இசைவாணி நகர்ந்துவந்து கயிற்றுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"அறுக்காதீங்க மாமா. பிளக்கப் புடுங்குங்க, எட்டும்."

"கரண்டே இல்ல. எதுக்கும்மா புடுங்கணும்?" என்றார் அந்தோணிசாமி.

"கரண்டு இல்லாதப்பதாண்ணே புடுங்கணும். நான் புடுங்காமதான் அந்தச் சாவி தெறிச்சுது." தகரத்தின் புடைப்பைக் காட்டினாள். அவள் நகரவில்லை.

கதிரவன் புடைப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு சாவியைச் சக் பக்கமாக இழுத்துப் பார்த்தான்; எட்டவில்லை. ஒயரின் நீளத்தைக் கண்ணால் அளந்தான்.

"அவசரத்துக்கு அந்த இன்னொரு சாவிய எடுத்துட்டா?"

"அது கெணத்துல கெடக்கு."

"கெணத்துலயா? எவ போட்டது?"

"நாந்தான் போட்டேன்," என்றாள் வாசலில் நின்ற மங்கலம். "வேணும்னா எறங்கி எடு."

அந்தோணிசாமி சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். சாவி சக்குக்கு எட்டியது. பிட்டைக் கழற்றியவர் திரும்ப மாட்டத் தொடங்கும்போது வீட்டுக்குள் மின்விசிறி சுற்றியது, டிவி அலறியது, கொட்டகைக் குண்டு பல்பு எரிந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவர் கையைப் பார்த்தார்கள். விரல்கள் பிட்டைச் சுற்றி இருந்தன. மிஷின் அசையவில்லை.

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"அண்ணே," என்றான் கதிரவன். "நீங்க வேற மிஷினு பாருங்களேன்."

"டெம்போவ வெறுமனே திருப்பச் சொல்றியா?"

"காடாம்புலியூர்லேருந்து வந்த பலாப்பழம் ரெண்டு கெடக்குது. ஏத்திக்கிட்டுப் போப்பா," என்றாள் மங்கலம்.

இசைவாணி அந்தோணிசாமியின் கையிலிருந்த பிட்டை வாங்கி மாட்டி இறுக்கினாள். மிஷின் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரில் செருகிவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டாள். மத்தியானத்துக்குள் கொடுக்கவேண்டிய பட்டைகள் கோணியில் பாதிக்கு மேல் இருந்தன. கதிரவன் ஒன்றை எடுத்து வைஸில் வைக்கப் போனான்.

"நானே வைக்கிறேன்," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.