றெக்கை ஓரத்துக் கோடு

அரியலூர் வேளாண் ஆபீஸில் உட்கார்ந்திருந்த பாலாஜி போனை மறுபடி எடுத்துப் பார்த்தான். ஆலத்தியூர் விவசாயி கண்ணகி காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிய ஈயின் போட்டோவுக்கு, "பழ ஈதான், பாகற்கொடிக்கு மருந்து அடிங்க" என்று எரிச்சலோடு பதில் போட்டிருந்தான். றெக்கை ஓரத்தில் பழுப்புக் கோடு இருந்தால் பழ ஈ. அதற்கு மேல் என்ன பார்ப்பது?

இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் அதே பழுப்பு இலையிலும் படிந்திருந்தது. அது கோடே இல்லை, சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய புழுதி. இது பழ ஈயே இல்லை, பயிருக்கு நன்மை செய்யும் வேறு ஈ. இதன் புழு, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று கொடியைக் காப்பாற்றும். அதைப் போய்க் கொல்லச் சொல்லிவிட்டான்.

நாலு தடவை கூப்பிட்டும் கண்ணகி எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"அடிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க சார். மருந்து கலந்து டேங்க முதுகுல மாட்டிட்டேன். ஆனா பழ ஈன்னா காய்ல உக்காந்து குத்தும். இது பூவுக்கு மேல அந்தரத்துல அப்படியே நிக்குது. அதான் அடிக்க மனசு வரல."

பாலாஜிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இத காலைலயே சொல்றதுக்கென்ன?"

"குரூப்புல போட்டோ மட்டும் போடுங்க, கதை எழுதாதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"