திருவாளர் நக்கோ

உலக ராஜதந்திர வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய அறிவிப்பு இது: வெல்டோரியாவும் மோர்லாந்தும் அரை நூற்றாண்டாக இணைபிரியாத நட்பு நாடுகள் என்பதை நிரூபிக்கும் மகத்தான பொறுப்பு, 2008-ல், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கிய கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்த நட்பின் பேச்சுவார்த்தை ஒலிநாடாக்களைக் கேட்டு, விழா மலருக்காக டைப் அடிப்பது சாருலதாவின் வேலை. நட்பென்றால் அப்படியொரு நட்பு. இவர்கள் அவர்களுடைய மீன்பிடிக் கப்பலைப் பிடித்து வைப்பார்கள். அவர்கள் இவர்களுடைய தூதரைப் பெட்டி படுக்கையோடு விமானம் ஏற்றுவார்கள். பிறகு இருவரும் கட்டித் தழுவி ஒப்பந்தம் போட உட்காருவார்கள். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும். உடனே, மைக்குக்கு வெகு அருகில், ஒரு குரல் மெல்லச் சொல்லும்: "நக்கோ."

எல்லா நாடாக்களிலும் அதே குரல். தூதர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. அதற்கு மட்டும் ஆகவில்லை.

மௌலா அலியில் பிறந்து வளர்ந்த சாருவுக்கு அது 'வேண்டாம்' என்று தெரியும். அந்தக் குளிர்தேசத்துக் கூடத்தில் ஹைதராபாத் உருது பேசியது யார் என்பதுதான் தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த முதலாளி சந்திரமோகனிடம் ஹெட்போனைக் கொடுத்தாள்.

"பேரைச் சொல்றாரு அம்மிணி. ஜப்பான்காரரா இருப்பாரு. மிஸ்டர் நக்கோன்னு போட்டுருங்க."

போட்டாள். அப்பா ரிடையராகிவிட்டார், அவருக்கு வேலையில் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வேலை நிரந்தரமானால்தான் வாடகைக்கு வீடு பார்க்க முடியும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பாண்ட் என்ற ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, டிகிரி சான்றிதழ்களை அசலாகக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் சந்திரமோகன் பாண்டை நீட்டினார். கம்பெனியும் ஊழியரும் நட்பு நாடுகள் மாதிரி என்று அவர் ஆரம்பித்தபோது கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. சாரு பேனா மூடியைத் திறந்தாள்.

மேஜைமேல் கழற்றி வைத்திருந்த ஹெட்போன், எதிலும் செருகாத ஹெட்போன், கெஞ்சியது: "நக்கோ, பேட்டி."

வேண்டாம், மகளே.

சாருவின் கை நின்றது. சந்திரமோகனுக்கும் கேட்டிருந்தது.

"மிஸ்டர் நக்கோ பேட்டி கேக்கறாரு போல," என்றார் அவர், வாசல் பக்கம் பார்த்தபடி. "அப்புறமா வரச் சொல்லிக்கலாம். நீங்க போடுங்க அம்மிணி."

வாசலில் யாரும் இல்லை. அவள் அப்பாவை நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

விழா மலர் வெளிவந்தது. எதிர்த்தரப்பு ஆள் என்று நம்பி, இரு நாடுகளும் மிஸ்டர் நக்கோவுக்குத் தனித்தனியே நன்றி தெரிவித்திருந்தன.

அடுத்த மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். சான்றிதழ்கள் கிடைக்கவில்லை.