ஜெயலக்ஷ்மியின் டர்போ

இன்ஜின் இறுகி நின்றபோது குருபிரசாத்துக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. மலைப்பாதை கார் பந்தயம் ஒன்றில் ரேடியேட்டரில் கல் பட்டு, தண்ணீரெல்லாம் ஒழுகி, அவர்களுடைய பழைய மாருதி ஒரு கொண்டை ஊசி வளைவில் புகைந்துகொண்டு நின்றுவிட்டது. ஓட்டியவள் அவன் மனைவி ஜெயலக்ஷ்மி. பக்கத்து இருக்கையில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரப்போகிற வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தவன் அவன். அவன் பக்கத்து ஜன்னலில் பள்ளத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இனிமேல் கொஞ்ச நாளைக்குப் பந்தயம் கிடையாது என்று நினைத்தபோது அவனுக்கு நிம்மதியில் அழுகையே வரும்போல் இருந்தது.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம். ஜெயா அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன், அவர்கள் குடியிருந்த மயிலாப்பூரிலேயே ஒரு வங்கியில் வேலை பார்த்தான். அவளுக்குக் காரின் மேல் இருந்த ஆசை தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டான். தெரியாமல் இருந்தது தன்னுடைய பயம்தான்.

ஈக்காட்டுத்தாங்கலில் மெக்கானிக் மெஹபூப் அலியின் ஷெட்டில் இன்ஜினைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஆனதும், எப்படியும் பிரித்தாகிவிட்டது, இப்போதே டர்போவும் போட்டுவிடலாம் என்றாள் ஜெயா. புகைக்குழாயில் வீணாகப் போகிற சூட்டுக்காற்றைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாமான் அது. புதிதாக வாங்க அவர்களால் ஆகாது. யாரோ ஜப்பானிலிருந்து கொண்டுவந்து இங்கே மோதி நொறுக்கிய காரிலிருந்து கழற்றிய ஒன்றை அவள் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து வந்திருந்தாள். துருப்பிடித்த நத்தை ஓடு மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேஜை மேல் வைத்து மண்ணெண்ணெயில் துடைத்தாள். விரலால் தட்டியதும் உள்ளே சக்கரம் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கிறவரைக்கும் குருபிரசாத்தால் சாப்பிட முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குத் தெரியாமல் ஷெட்டுக்குப் போனான். டர்போ இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி மெஹபூப் அலியைக் கேட்டுக்கொண்டான். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பொய் சொன்னா அம்மா வேற ஷெட்டுக்குப் போய்டுவாங்க சார். அங்க இன்னா செஞ்சு வுடுவானுங்களோ, யாரு கண்டா? உங்களுக்குப் பயமா கீதுன்னா நீங்களே சொல்லிடுங்க.”

சொல்லிவிடலாம் என்றுதான் பஸ்ஸில் சைதாப்பேட்டை தாண்டும்போது முடிவு செய்தான். ஆத்துக்கு வந்தால், ஜெயா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றைக் கூட்டினால் உள்ளே வெடிப்பு கட்டுக்கடங்காமல் போகும், அதற்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தகட்டைத் தடிமனாகப் போடலாம் என்று அவளாகவே அவனுக்கு விளக்கினாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவன் தலையாட்டிவிட்டான். அதற்குப் பிறகு பயம் வேறு வழிகளில் வெளியே வந்தது. ஒயர் கருகுகிறதோ என்பான், பிரேக் இழுக்கிறதோ என்பான், கேஸ்கெட் தாங்குமா என்பான். அவளும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிறகு கேட்டுக்கொள்வதையே விட்டுவிட்டாள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்க்கு, சிக்கனத்துக்காக ஃபிரிட்ஜில் போடும் செப்புக் குழாயை வளைத்து மாட்டியபோதும் இது போதுமா என்று கேட்டான். இப்போதைக்கு ஓட்டிப் பார்ப்போம், பிறகு நல்லதாக மாற்றலாம் என்று அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திருவான்மியூரைத் தாண்டி மகாபலிபுரம் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். நீலாங்கரை வரைக்கும் கார் சாதுவாகப் போயிற்று. அப்புறம் ஜெயா ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். முன்னால் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. யாரோ முதுகில் கையை வைத்துத் தள்ளினது போல கார் பாய்ந்தது. சவுக்குத் தோப்பு ஒரே பச்சைக் கோடாகிவிட்டது. ஜெயா சிரித்தாள். குருபிரசாத் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

“ஜெயா, எண்ணெய் கருகறது.”

“உங்களுக்கு எப்பவும் ஏதாவது கருகிண்டேதான் இருக்கும்” என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது.  அவன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது. ஜெயா திடுக்கிட்டு பிரேக்கை அழுத்தி ஓரத்தில் நிறுத்துவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து கறுப்புப் புகையும் அதன் பின்னால் மஞ்சளாகத் தீயும் வந்துவிட்டன. அதிர்வில் செப்புக் குழாய் வெடித்து, பழுக்கக் காய்ந்திருந்த டர்போ மேல் எண்ணெய் பீய்ச்சியிருக்கிறது.

அவள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். அவனுடைய சீட் பெல்ட் கழலவில்லை. விரல்கள் எங்கே அழுத்துகின்றன என்றே அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே புகை நிறைந்தது. பெட்ரோல் குழாயை நினைத்தான். அவளைக் கூப்பிடக்கூடாது, அவள் தூரமாகப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனால் அவள் திரும்பி வந்தாள். பாதி உடம்பை உள்ளே நுழைத்து பெல்ட்டைக் கழற்றி, சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அந்தப் பக்கம் வந்த மீன்காரர்கள் ஓடிவந்து கூடைகளில் மணலை வாரிக் கொட்டினார்கள். பாதி கார் கரியாகத்தான் மிஞ்சியது.

இருவரும் சாலையோர மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயாவின் புருவ மயிர் பொசுங்கியிருந்தது.

“எனக்குப் பயம், ஜெயா” என்றான் அவன். “இன்னிக்கு மட்டும் இல்லை. மொதல் பந்தயத்திலேர்ந்தே.”

“ஏன் சொல்லலை நீங்க?”

“சொன்னா நீ வேற யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சுண்டு போயிடுவியேன்னுதான்.”

 அவள் முழங்கால்களைக் கைகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

காரைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இந்த முறை எண்ணெய்க்கு எஃகுக் கம்பி வலை சுற்றிய குழாய் வரும்வரை ஜெயா காத்திருந்தாள்; சூட்டைத் தடுக்கத் தகடும் வைத்தார் மெஹபூப் அலி. ஏலகிரி மலையில் நடந்த பந்தயத்துக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தது அவளுடைய சித்தி பெண் ஹம்சினி. நீங்கள் காரில் வர வேண்டாம் என்று ஜெயாவே அவனிடம் சொல்லிவிட்டாள். குருபிரசாத் முடிவுக் கோட்டருகே ஒரு பாறை மேல் நின்றான்.

அவளுக்குப் பின்னால் கிளம்பிய கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் வரவில்லை. கீழே ஏதோ ஒரு வளைவிலிருந்து தூசி எழுந்து அடங்கியது. அது தூசியா புகையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. காருக்குள் இருந்தபோது முள்ளைப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், சாவியைத் திருப்பலாம். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடிக்கப் போய்ச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டான்.

கடைசியில் அந்த விசில் சத்தம் கேட்டது. கார் வந்து நின்றது. ஹம்சினி இறங்கி, ஜெயா வழியில் ஏனோ காரை நிறுத்திவிட்டாள் என்று குறைப்பட்டுக்கொண்டே போனாள். ஜெயா இறங்கவில்லை. அவன் குனிந்து ஜன்னலருகே போனான்.

“ஏன்னா, வழியில கால் நடுங்கித்து” என்றாள் மெல்ல. “அன்னிக்கு மணல்லயும் இப்படித்தான் நடுங்கித்து. உங்ககிட்டச் சொல்லலை.”

அவன் கதவைத் திறந்து அவளை இறக்கி, நிழலுக்கு அழைத்துப் போனான். திரும்பும்போது அவனே ஓட்டினான். விசில் எழாத வேகத்திலேயே, மெட்ராஸ் வரைக்கும்.